பத்தாம் வகுப்பு மாணவருக்கு எல்லாப் பாடங்களையும் ஒருவரே சொல்லிக்கொடுப்பது எப்படி

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் தேடும் பெற்றோர் முதலில் கேட்பது "எல்லா சப்ஜெக்டும் எடுப்பீங்களா?" என்பதைத்தான். கணக்குக்கு ஓரிடம், அறிவியலுக்கு ஓரிடம் என்று அனுப்பப் பணமும் நேரமும் இல்லாததால் எழும் கேள்வி அது. ஆகவே ஐந்து பாடங்களையும் ஒருவரிடமே படிப்பதை, வேறு வழியில்லாமல் செய்துகொள்ளும் ஏற்பாடாகவே பலரும் நினைக்கின்றனர். 12 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மாணவரின் ஐந்து நோட்டுகளையும் ஒருவரே புரட்டிப் பார்த்தால் மட்டும் கண்ணில் படுகிற குறைகள் சில உண்டு. பாடத்துக்கு ஒருவராக ஐந்து பேர் பார்த்தாலும், ஒவ்வொருவரும் அதைத் தம் பாடத்தின் குறையாக எண்ணித் தம் பாடத்தையே மீண்டும் நடத்துவார்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் ஒரு மாணவரோடு தனியாக உட்கார்ந்து பாடம் சொல்லப்போகும் பட்டதாரிகள், கல்லூரி மாணவர்கள், படித்த இல்லத்தரசிகள் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றுபவர்கள் இதில் இறங்குவதற்கு முன், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் வாரம் பாடம் நடத்த வேண்டாம்

புதிதாக வரும் மாணவரிடம் முதல் நாளே முதல் இயலைத் திறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதற்குப் பதிலாக, முந்தைய வகுப்பின் முழுஆண்டுத் தேர்வு விடைத்தாள்களையோ, இந்த ஆண்டின் இடைப்பருவத் தேர்வுத் தாள்களையோ கொண்டுவரச் சொல்லுங்கள். தாள் கிடைக்காவிட்டால் பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து பாடத்துக்கு ஐந்து கேள்வியாக எடுத்துக்கொடுத்து, நீங்கள் எதுவும் பேசாமல் எழுதச் செய்யுங்கள். எழுதி முடித்ததும் மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தெரியாததால் தவறியதா, தெரிந்தும் நடுவில் வழிமாறியதா, கேள்வியையே சரியாகப் படிக்கவில்லையா. இந்தக் குறிப்புகளுக்கென்று ஒரு 40 பக்க நோட்டு போதும். நான் அதைத் தவறு நோட்டு என்று சொல்வேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் வந்தபோது, கணக்கில் வாக்கியங்களாகக் கேட்கும் கணக்குகள் வரவில்லை, சமூக அறிவியலில் பெரிய விடைகளுக்குப் பாதி மதிப்பெண்தான் வருகிறது, தமிழில் உரைப்பத்தி வினாக்கள் தவறுகின்றன என்று அவளுடைய அம்மா மூன்று குறைகளைத் தனித்தனியாகச் சொன்னார். தாள்களைப் பக்கத்துப் பக்கமாக விரித்துப் பார்த்தபோது குறை ஒன்றாகத்தான் இருந்தது. 'வேறுபடுத்துக' என்று கேட்ட இடத்தில் இரண்டையும் தனித்தனியாக விளக்கியிருந்தாள். 'காரணம் தருக' என்ற இடத்தில் வரையறை எழுதியிருந்தாள். கணக்கில் பரப்பளவைக் கண்டுபிடித்தவள், கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருந்த செலவைக் கண்டுபிடிக்கவில்லை. கேள்வியின் முதல் பாதியைப் பார்த்ததும் "இது நமக்குத் தெரிந்த கேள்வி" என்று கை ஓடிவிடுகிறது. அவளுக்கு அடுத்த ஒரு மாதம் நான் தனியாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: விடை எழுதுவதற்கு முன் கேள்வியின் வினைச்சொல்லை அடிக்கோடிட்டு, "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதை ஒரு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்வது. தொடக்கத்தில் வெட்கப்பட்டாள். பிறகு, "மிஸ், இதுல ரெண்டு கேள்வி இருக்கு" என்று அவளே சொல்லத் தொடங்கினாள்.

வினாத்தாளின் கட்டமைப்பு

சொல்லிக்கொடுப்பவர் ஐந்து பாடங்களின் வினாத்தாள் அமைப்பையும் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14க்கு 10. ஐந்து மதிப்பெண்ணில் 14க்கு 10. எட்டு மதிப்பெண்ணில் 'அல்லது' என்று இணைத்த இரண்டு வினாக்கள். அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும் என்பதால், கணக்கு வராது என்று சொல்லும் மாணவருக்கும் 16 மதிப்பெண் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சி பெற எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். மற்ற பாடங்களில் தேர்ச்சிக்கு 100க்கு 35. மொழிப்பாடங்கள் முன்பு இரண்டு தாள்களாக இருந்து பின்னர் ஒரே தாளாகிவிட்டதால், அக்காள் அண்ணன் வைத்திருந்த பழைய இரண்டாம் தாள் வினாக்களைக் கொண்டு பயிற்சி செய்வது பயன் தராது.

கட்டாய வினா என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். தெரிவு இருக்கும் பகுதியில் ஒன்றைக் கட்டாயம் என்று குறித்திருப்பார்கள். அது பெரும்பாலும் புத்தகத்தின் பயிற்சி வினாவாக இல்லாமல், சற்றுத் திருப்பிக் கேட்கப்பட்டதாக இருக்கும். புக் பேக் வினாக்களை மட்டும் படித்தவர் அங்கேதான் சறுக்குவார்.

கணக்கில் தவறு பிறந்த வகுப்பைத் தேடுங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் தவறுகளில் பெரும்பகுதி பத்தாம் வகுப்பைச் சேர்ந்தவை அல்ல. ஆயத்தொலை வடிவியலில் (-2, 3), (4, -5) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வைக் கேட்டால், சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதுகிற மாணவர், அடுத்த வரியில் மேலே -5 - 3 = -8 என்று சரியாகப் போட்டுவிட்டு, கீழே 4 - (-2) என்பதை 4 - 2 என்று எழுதி, சாய்வு -4 என்று முடிப்பார். சரியான விடை -4/3. இவருக்குச் சாய்வை இரண்டாம் முறை நடத்துவது வீண். இவருக்குத் தேவைப்படுவது ஏழாம் வகுப்பு முழுக்களில் கழித்தல். ஒரு தாளில் குறை எண்களைக் கழிக்கும் கணக்குகள் இருபதைப் போட்டு, ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லி, இரண்டு வாரம் தினமும் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாப் பாடமும் எடுப்பவருக்குள்ள வசதி இங்கேதான் தெரியும். அதே மாணவரின் அறிவியல் நோட்டில் ஒளியியல் கணக்கைத் திறந்தால், 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சுக்கு முன் 15 செ.மீ. தொலைவில் பொருளை வைத்தால் பிம்பம் எங்கே விழும் என்ற கேள்விக்கு 6 செ.மீ. என்று எழுதியிருப்பார். குறியீட்டு மரபுப்படி பொருளின் தொலைவு -15. அந்தக் கழித்தல் குறியைக் கைவிட்டால் 1/10 + 1/15 என்று கூட்டி 6 வரும்; வைத்துக்கொண்டால் 1/10 - 1/15 = 1/30, அதாவது 30 செ.மீ. வரும். அறிவியல் ஆசிரியர் இவருக்கு லென்சு புரியவில்லை என்பார். கணக்கு ஆசிரியர் சாய்வு புரியவில்லை என்பார். இரண்டு நோட்டையும் ஒருசேரப் பார்ப்பவருக்குத்தான் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒரு சிறு கோடு இரண்டிடத்திலும் தொலைந்துபோகிறது என்பது தெரியும். இந்தக் கணக்கில் இன்னொரு வழியும் இருக்கிறது. பொருள் குவியத் தொலைவுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் இருப்பதால், பிம்பம் லென்சின் மறுபக்கத்தில் 20 செ.மீ.க்கு அப்பால்தான் விழ முடியும். விடை 6 என்று வந்ததுமே சந்தேகப்படுவதற்குக் கதிர்ப்படம் போதும். கணக்கைப் போடுவதற்கு முன் தோராயமாக விடை எங்கே இருக்கும் என்று சொல்லச் சொல்லும் வழக்கத்தைக் கணக்கிலும் அறிவியலிலும் சேர்த்தே வளர்க்கலாம்.

வடிவியலிலும் வரைபடத்திலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உதவிப்படம் போடுதல், அளவுத்திட்டம் எழுதுதல், அச்சுகளுக்குப் பெயரிடுதல், கூர்மையான பென்சில் ஆகிய நான்கையும் வாரம் ஒரு படமாகப் பழக்கினால் அரையாண்டுக்குள் கை படிந்துவிடும்.

அறிவியலும் மொழியும்

ஆங்கில வழியில் படிக்கும் மாணவர்கள் நியூட்டனின் இரண்டாம் விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்து முடித்ததும், "சரி, இதைத் தமிழில் எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். மொழிபெயர்க்கத் தெரியாததால் நிற்பதாக அவர்கள் நினைப்பார்கள். பொருள் தெரியாததால்தான் நிற்கிறார்கள். உந்தம், கணத்தாக்கு போன்ற கலைச்சொற்கள் வேண்டியதில்லை. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று கேட்டால், "இழுக்கலைன்னா கை வலிக்கும்" என்பார்கள். அதிலிருந்து தொடங்கி, பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் விசை குறையும் என்ற இடம்வரை அவர்களையே பேசவிட்டு, பிறகு புத்தகத்து ஆங்கில வரியைப் படிக்கச் சொன்னால் அந்த வரி அவர்களுக்குச் சொந்தமாகிவிடும். தமிழ் வழி மாணவருக்குச் சிக்கல் வேறு வகையானது. அவருக்குக் கலைச்சொல் தெரியும், அதன் கீழ் இருக்கும் அன்றாடச் சொல் தெரியாது. அவரிடம் 'முடுக்கம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் முடுக்கத்தை விளக்கச் சொல்ல வேண்டும்.

உயிரியல் பகுதியில் படம் வரைந்து பாகம் குறிப்பதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். இங்கே விளக்கத்தைவிடக் கைப்பழக்கமே முக்கியம்.

ஆண்டுகளைத் தனித்தனியாகப் படிக்கும் நோய்

சமூக அறிவியலை மாணவர்கள் வெறுப்பதற்குக் காரணம், அதை அவர்கள் தொலைபேசி எண்களைப் போலப் படிப்பதுதான். 1914, 1919, 1920, 1922 என்று நான்கு ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் இரண்டை மாற்றிப் போடுவார். ஒரு நீளமான தாளில் கோடு போட்டு, 1914இல் உலகப் போர் தொடங்கியது, போர்க்காலத்து விலைவாசியும் வரியும் மக்களை வருத்தின, போர் முடிந்தபின் உரிமை வருமென்று எதிர்பார்த்தவர்களுக்கு 1919இல் ரௌலட் சட்டம் வந்தது, அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நடுவே அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுட்டார்கள், அதன் கொதிப்பு 1920இல் ஒத்துழையாமை இயக்கத்துக்கு வலுச் சேர்த்தது, 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டதும் காந்தி அதை நிறுத்தினார் என்று கதையாகச் சொன்னால், ஒன்று இல்லாமல் அடுத்தது நிற்காது என்பது அவர்களுக்கே தெரியும். காலக்கோடு வினாவுக்கு அதுவே பயிற்சி. அந்தக் கோட்டில் ஆண்டுகளைச் சம இடைவெளியில் குறிக்கச் சொல்லும்போது, கணக்கில் அளவுத்திட்டம் எழுதும் பழக்கம் இங்கே கைகொடுப்பதை மாணவரே கவனிப்பார். வரைபட வினாவுக்கு வாரம் இருமுறை வெற்று வரைபடம் கொடுத்து இடங்களைக் குறிக்கச் செய்வது தவிர வேறு வழி இல்லை.

தமிழும் ஆங்கிலமும்

தமிழைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணிதம் படித்த எனக்கு, முதல் மாணவர் அலகிடுதல் (செய்யுளின் சீர்களை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்லுதல்) கேட்ட அன்று அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சமாளிப்பதைவிட, "எனக்கும் மறந்துவிட்டது, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று புத்தகத்தைத் திறந்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த குறள். 'கற்க' என்பது கற்-க, நேர் நேர், தேமா. 'கசடறக்' என்பது கச-டறக், நிரை நிரை, கருவிளம். 'கற்பவை' கற்-பவை, நேர் நிரை, கூவிளம்; 'கற்றபின்' அதுவும் கூவிளம். 'நிற்க' தேமா, 'அதற்குத்' அதற்-குத், நிரை நேர், புளிமா. கடைசியில் 'தக' ஒரே நிரை, ஈற்றுச்சீர் என்பதால் மலர். ஏழு சீரையும் மேசையில் தட்டிக்கொண்டே சொன்னதில், ஒற்றெழுத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, குறில் தனித்து முதலில் நின்றால் அடுத்த எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்ற இரண்டையும் காதே கற்றுக்கொண்டது. கணக்குப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு அலகிடுதல் உடனே பிடித்துப்போகும். தமிழ் வராது என்று சொல்லும் பையனை நான் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே அழைப்பேன்.

ஆங்கிலத்தில் பத்திகளை உருப்போடும் பழக்கத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது. பள்ளியே அதைத்தான் கேட்கும். உருப்போடும் பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் பொருள் சொல்லவைத்த பின்பே மனப்பாடம் செய்ய விடுங்கள். பொருள் தெரிந்தவருக்கு நடுவில் ஒரு சொல் மறந்தாலும் அடுத்த வாக்கியம் கைவிடாது.

நேரத்தைப் பிரித்தல்

ஒரு நாளில் ஐந்து பாடங்களையும் தொட்டுவிட வேண்டுமென்று முயல வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பாடங்கள்தான் நிற்கும்: ஒன்று கை வேலை செய்யும் பாடமாகவும், மற்றது வாய் வேலை செய்யும் பாடமாகவும் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் தவறு நோட்டிலிருந்து பழைய கேள்விகள் மூன்று. பிறகு முக்கால் மணி நேரம் கணக்கு அல்லது இயற்பியல் கணக்கீடு. இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து நடக்கவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போன பிள்ளை மாலை ஆறு மணிக்கு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறது என்பது மறந்துவிடக் கூடாது. மீதி நேரம் சமூக அறிவியலோ மொழியோ. அதில் நீங்கள் குறைவாகவும் மாணவர் அதிகமாகவும் பேச வேண்டும்.

எனக்குப் பிடித்த பாடம் என்பதற்காக ஓராண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை கணக்கையே அதிகம் எடுத்துவிட்டேன். காலாண்டுத் தேர்வில் கணக்கு உயர்ந்தது. சமூக அறிவியல் முன்பிருந்ததைவிடக் கீழே போயிற்று. மாணவரின் பலவீனத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் விருப்பம் நேரத்தைத் தின்றிருந்தது. அன்றிலிருந்து எந்த நாள் எந்தப் பாடம் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். மாற்றினால் மாணவரின் சம்மதத்தோடுதான்.

பெற்றோரிடம் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மதிப்பெண்ணுக்கு உறுதி கொடுக்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை வகுப்பு, விடுமுறைக்கு ஈடு உண்டா, கட்டணம் எந்தத் தேதியில் என்பதை வாய்விட்டுப் பேசி முடியுங்கள். வகுப்பு நடப்பது கூடத்திலோ, கதவு திறந்திருக்கும் அறையிலோ இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. மாதம் ஒருமுறை தவறு நோட்டைப் பெற்றோரிடம் காட்டலாம். ஆனால் மாணவர் எதிரில், அவரையே விளக்கவிட்டுக் காட்டுங்கள்; அவர் இல்லாதபோது குறை சொன்னால் அடுத்த நாள் முதல் அவர் உங்களிடம் தவறுகளை மறைக்கத் தொடங்குவார்.

அரையாண்டுக்குப் பிறகு

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் புதிய பாடம் நடத்துவது பெரும்பாலும் நின்றுவிட வேண்டும். பள்ளியில் திருப்புதல் தேர்வுகள் அடுத்தடுத்து வரும். வீட்டிலும் தேர்வு வைத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை களைத்துவிடும். பள்ளித் தேர்வுத் தாள்களையே எடுத்து, தவறு நோட்டோடு ஒப்பிட்டு, ஜூன் மாதத்தில் குறித்த தவறு இன்னும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். 35 மதிப்பெண்ணுக்குப் போராடும் மாணவருக்கு ஒரு மதிப்பெண் வினாக்கள், வரைபடம், வடிவியல், மனப்பாடச் செய்யுள், நிலவரைபடம் ஆகியவற்றை உறுதிப்படுத்துவதே போதும். அவர் மேசையில் முழுப் பாடத்தையும் கொட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

பொதுத் தேர்வில் எழுதத் தொடங்குவதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அந்த 10 நிமிடத்தைப் பழக்காமல் விடும் ஆசிரியர்களே அதிகம். பிப்ரவரியில் வாரம் ஒரு நாள், முழு வினாத்தாளைக் கையில் கொடுத்து, பேனாவை உங்கள் பக்கம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாய வினா எது, 14இல் எந்த 10ஐ எழுதப்போகிறார், எந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டட்டும். கடிகாரத்தில் 10 நிமிடம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுங்கள். அன்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.